சீட்டில்லாத கிண்ணம்

பிப்ரவரி 17, திங்கள்

இந்த டைரி அவருடையது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனிதர். வருஷா வருஷம் யாராவது ஒரு டைரி கொடுத்துவிடுவார்கள். ஜனவரி 28 வரை எழுதியிருக்கிறார். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், என்றைக்குத் தூறல், கத்தரிக்காய் சொத்தையா நல்லதா. 29ஆம் தேதி காலையில் சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் காலி. மிச்சப் பக்கங்கள் வீணாக வேண்டாம் என்று நான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு சங்கடம். முன்கூட்டியே சில தேதிகளில் அவர் குறிப்புப் போட்டு வைத்திருக்கிறார். இன்றைய பக்கத்தின் தலையில் ‘கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்’ என்று இருந்தது. பதிந்துவிட்டேன். முன்னால் புரட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்று கல்லூரிக்குப் போனேன். மகளிர் கல்லூரி, வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. தற்காலிகம்தான். இருபத்தோரு வருஷமாகத் தற்காலிகம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பர்னர் குழாய்கள் இரண்டு வெடித்திருந்தன, மாற்றினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டு டிபன் டப்பா கட்டிவிட்டேன். ஒன்றை வாசலில் நின்ற மாட்டுக்குக் கொட்டினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கோமதி மதினி இன்று ஊருக்குப் போனாள். அவருடைய அக்கா. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் எனக்காகத்தான் ஒரு வாரம் தங்கினாள். பை, பாத்திரம் எல்லாம் கட்டி முடித்துவிட்டு என் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏ பிள்ள செம்பகம், ஒரு சொட்டு கண்ணீர் விடலயே நீ. எல்லாரும் ஒரு மாதிரி பேசுதாங்க. அழுதுரு. உள்ள வச்சிருந்தா சீக்கு வந்துரும்.”

“வரும்போது வரும் மதினி” என்றேன்.

“அது என்ன பஸ்ஸா, வரும்போது வரதுக்கு?” என்று அவள்தான் அழுதாள். நான் அவளுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். உப்புச் சரியா என்று வாயில் போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. மூன்று வாரமாக நாக்குக்கும் மூக்கிற்கும் ஒன்றும் தெரிவதில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. போகட்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு உருகுநிலை பார்க்கும் பயிற்சி. ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழலில் தூளை அடைத்து, தெர்மாமீட்டரோடு நூலால் கட்டி, பாரபின் எண்ணெய்க்குள் தொங்கவிட்டு மெதுவாகச் சூடாக்க வேண்டும். தூள் எந்த டிகிரியில் உருகுகிறதோ அதைக் குறிக்க வேண்டும். சுத்தமான பொருள் கடைசிவரை கல் மாதிரி இருக்கும். அதன் டிகிரி வந்ததும் சட்டென்று தண்ணீராகிவிடும். பென்சாயிக் அமிலத்துக்கு 122. உள்ளே வேறு எதுவும் கலந்திருந்தால் வெகு முன்னாலேயே குழைய ஆரம்பித்து, பத்து டிகிரி வரை இழுத்து இழுத்து உருகும். வெள்ளைத் தூள்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். வாயில் வைத்தும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தச் சோதனை.

எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டை மூடினார்கள். பேச்சியம்மாள் மட்டும் மூன்றாவது குழலை அடைத்துக்கொண்டிருந்தாள். கழுகுமலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை.

“ஒரு தடவ பார்த்தா பத்தாதாட்டி?”

“மொதல்ல 121 வந்துச்சுக்கா. ரெண்டாவது 122. அதான் இன்னொண்ணு.”

பேர்தான் பேச்சி. வாயிலிருந்து வருவது எல்லாம் தராசில் வைத்து நிறுத்த மாதிரி கொஞ்சமாகத்தான் வரும். அவளால் நான் ஸ்டோரைப் பூட்ட அரைமணி நேரம் தாமதம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைய பக்கத்தில் அவர் எழுத்து: ‘சீட்டு 40’.

மாதிரித் தேர்வு வருகிறது. தேர்வுக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை கிண்ணங்களில் ஒட்டும் குறியெழுத்துச் சீட்டுகளை அவர்தான் எழுதுவார். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பார். டைம் ஆபீஸ் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். இந்த வருஷம் நானே எழுதலாம் என்று தாளை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டும் கோடு இரண்டாகத் தெரிந்தது. எடுத்து வைத்துவிட்டேன். சீட்டு இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 26, புதன்

மாதிரித் தேர்வு முடிந்தது. நான்கு பொருள்கள்: பென்சாயிக், சின்னமிக், சாலிசிலிக், யூரியா. பெரிய கிண்ணங்களில் வைத்துவிட்டு, எது எந்த இடம் என்று மனதில் வைத்துக்கொண்டேன். பென்சாயிக் சன்னல் பக்கம். பிள்ளைகள் வெளிச்சத்துக்காக அங்கேயும் இங்கேயும் நகர்த்தியிருந்தார்கள். சாயங்காலம் நான்தான் மேசைகளைத் துடைத்தேன்.

‘எடுத்த பொருளைத் திரும்பப் புட்டியில் போடாதீர்’ என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதுவும் அவர் எழுத்துதான். முதல் வருஷப் பிள்ளைகளை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ஆனால் புதுப் புட்டிக்கு எழுதிக் கொடுத்தால் வர ஆறு மாதம். எந்தக் கல்லூரி உதவியாளரைக் கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் எல்லாரும் செய்வதுதான். பென்சாயிக் கால் புட்டிதான் இருந்தது. சன்னல் பக்கக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி மிஞ்சியிருந்தது. புட்டியில் போட்டு, குலுக்கி, மூடினேன்.

சின்னமிக் கிண்ணத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகள் கொட்டிவிட்டார்கள் போல. அது லேசாகத் தேன் மாதிரி மணக்கும், மேசையில் சிந்தியிருந்தால்கூடத் தெரியும். எனக்கு எதுவும் மணக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடி இரண்டு டப்பா.

மார்ச் 5, புதன்

‘பி.பி. மாத்திரை வாங்க’ என்று இருந்தது. மருந்துக் கடை வரை போய்விட்டேன். கடைக்காரர் வழக்கமான அட்டையை எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்தார். தலைவலி மாத்திரை ஒன்று கேட்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

துறைத் தலைவர் தமயந்தி மேடம் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். என் பெயரை நிரந்தரப் பட்டியலில் சேர்க்க நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி பெயருக்கு ஓர் இண்டர்வியூ. அதுவும் முடிந்தால் ஆணை.

“நாலு வருஷமா இதுக்காகக் கமிட்டியில சண்டை போடுறேன் செண்பகம். இப்ப உங்களுக்கு இது எவ்வளவு தேவைன்னு எனக்குத் தெரியும்” என்றார். அவர் கண் கலங்கியது. எனக்குப் பிள்ளையும் இல்லை, இனி ஆளும் இல்லை. இந்த வேலைதான். நன்றி மேடம் என்றேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்பது தெரிந்தது. பிறகு வந்து பியூரெட்டுகளைக் கழுவினேன்.

மார்ச் 18, செவ்வாய்

பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு, முதல் பிரிவு. பன்னிரண்டு பேர்.

ஒரு வழக்கத்தை இங்கே எழுதிவைக்கிறேன், வெளியில் யாரும் எழுத மாட்டார்கள். தேர்வன்று காலையில் பிள்ளைகள் எனக்கு மல்லிகைச் சரம் வாங்கி வருவார்கள். நான் தலையில் வைத்துக்கொள்வேன். அப்புறம் மேசை மேசையாகப் பொருள் வைக்கும்போது அந்தந்தப் பிள்ளை காதில் படும்படி அதன் பெயரை முனகிவிட்டுப் போவேன். எனக்கு முன்னால் இருந்த அக்காவும் இப்படித்தான் செய்தார். கேட்டுக்கொண்ட பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கும் டிகிரியை எழுதிவிட்டு, தெர்மாமீட்டரைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த வருஷம் பூ வரவில்லை. பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். அதைக் கொடுத்த பிள்ளை என் நெற்றியைப் பார்க்காமல் கொடுத்தாள். நான் வழக்கம்போல முனகினேன். பேச்சியம்மாளின் பஸ் தாமதம். மணி அடித்த பிறகுதான் ஓடி வந்தாள், அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

பென்சாயிக் மூன்று பேருக்கு. இரண்டு பேர் 122 என்று எழுதினார்கள். பேச்சியம்மாள் 104 முதல் 114 வரை என்று எழுதி, கீழே ‘பொருள் சுத்தமானதல்ல, வேறொன்று கலந்திருக்கிறது’ என்று முடித்திருந்தாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஞானதுரை சார், நாகர்கோவில்காரர், வயசானவர். எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்தார்.

“ஒரே புட்டித் தூள். அவங்க ரெண்டு பேருக்கும் 122. ஒனக்கு மட்டும் 104ஆ? தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியாமலா மூணு வருஷம் படிச்சே?”

“மூணு தடவ பார்த்தேன் சார். மூணு தடவையும் அப்படித்தான் வந்துச்சு.”

“பெர்மாங்கனேட் நிறம் வேற மங்கிச்சுன்னு எழுதியிருக்கே. பென்சாயிக்குல எப்படி மங்கும்?”

“மங்கிச்சு சார்.”

சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். நான் அப்போது ஒழுகுகிற குழாயைத் திருகிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 19, புதன்

இரண்டாம் பிரிவு. பென்சாயிக் வேண்டாம், மற்ற மூன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று மேடத்திடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். புட்டியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றேன். கொஞ்சம்தான் இருக்கிறது.

மதியம் மேடம் சொன்னார், பேச்சியம்மாளுக்கு ஏழு மார்க் குறைகிறதாம், தேறவில்லை. தூத்துக்குடியில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் அவளுக்கு ஜூனிலிருந்து வேலை சொல்லியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. “நல்லா படிக்கிற பிள்ள, பயத்துல உளறிட்டா” என்றார் மேடம்.

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

பேச்சியம்மாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“யக்கா, அன்னைக்கு வச்ச தூள்ல ஒரு துளி கெடைக்குமா?”

“எதுக்கு?”

“எனக்கு அளக்கத் தெரியலையா, இல்ல தூள்தான் அப்படியான்னு பார்த்துக்கிடுதேன். மார்க்குக்காக இல்லக்கா. அது போச்சு. வீட்டுல ஐயாட்ட சொல்லிட்டேன். ஆனா எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிருச்சு. இனிமே எதை அளந்தாலும் தப்போ தப்போன்னு தோணும்லா.”

“நீ ஏம்ட்டி அன்னைக்கு எங்கிட்ட வந்து கேக்கல? எல்லாரும் கேக்காங்கள்லா?”

அவள் அதை யோசித்தே பார்த்ததில்லை போல முழித்தாள். “கேட்டா தெரிஞ்சிரும்லாக்கா. அப்புறம் எதுக்கு அளக்கணும்?”

புட்டி காலி என்று சொன்னேன். சரிக்கா என்று போய்விட்டாள். புட்டி என் முதுகுக்குப் பின்னால் தட்டில் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

முன்னால் புரட்டக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். பின்னால் புரட்டலாம். பிப்ரவரி 26ஐ எடுத்து வாசித்தேன். என் கையால் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கிண்ணங்களை நகர்த்தினார்கள். சின்னமிக் மிச்சமில்லை. எனக்கு மணக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லிவிடும். நான் மூன்று வாரமாகக் கூட்டாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு ஆய்வகம் காலியானதும் புட்டியைத் திறந்து ஒரு குழல் அடைத்தேன். தெர்மாமீட்டர் கோடு தெரியாமல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 104இல் ஓரம் ஈரமானது. அப்புறம் குழைந்து, சரிந்து, 114இல்தான் முழுக்க உருகியது. இரண்டாவது குழல், அதேதான். மூன்றாவதும் பார்த்தேன், அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாளே. பிறகு மேடத்தின் அலமாரியில் அவசரத்துக்கென்று இருந்த உடைக்காத புட்டியைத் திறந்து அதிலிருந்து ஒன்று. 122 வரை கல்லாக இருந்து, நான் கண்ணை இமைப்பதற்குள் உருகிவிட்டது.

பெர்மாங்கனேட்டும் போட்டுப் பார்த்தேன். நம் புட்டித் தூளில் ஊதா நிறம் மங்கியது. சின்னமிக் செய்கிற வேலை அது.

மேடம் இன்னும் போகவில்லை. போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வீட்டுல அவ்வளவு பெரிய துக்கம். கை தவறியிருக்கு. அதுக்கு யாரும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டாங்க செண்பகம். ஆனா இப்ப சொன்னீங்கன்னா, அடுத்த கேள்வி ஒண்ணு வரும். கலப்படத் தூள்ல மத்த ரெண்டு பேருக்கும் 122 எப்படி வந்துச்சு?”

நான் கையிலிருந்த பூதக்கண்ணாடியை முந்தானையில் துடைத்தேன்.

“எனக்கும் தெரியும். எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் தெரியும். ஆனா காகிதத்துல வந்தா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது. ரெண்டாந்தேதி இண்டர்வியூ. இருபத்தோரு வருஷம். யோசிங்க.”

“அந்தப் பிள்ள மேடம்?”

“நவம்பர்ல எழுதட்டும். வயசு இருக்கு. வேலை இன்னொண்ணு கிடைக்கும்.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்காக நான்கு வருஷம் சண்டை போட்டவர். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு மதிப்பெண் பட்டியலைச் சீல் வைக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று இன்னும் கை பழகவில்லை.

மார்ச் 22, சனி

காலையில் பக்கத்தைத் திருப்பினேன். அவர் எழுத்து, நான்கு வரி.

‘செ. கண்ணாடி. மதுரை. 7.10 வண்டி. நான் லீவு சொல்லியாச்சு. போன தடவையே நம்பர் கூடிவிட்டது. சொன்னால் கேட்க மாட்டாள். சீட்டில் எழுத்தை இன்னும் பெரிதாகப் போட்டுக்கொண்டே போனால் கிண்ணம் போதாது.’

வருஷா வருஷம் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. நான் கவனித்ததில்லை. நன்றாக எழுதுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். 7.10க்கு மதுரை வண்டி போயிருக்கும். நான் கல்லூரிக்கு நடந்தேன்.

தேர்வாளர் அறையில் மேடமும் ஞானதுரை சாரும் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். புட்டியை மேசை மேல் வைத்தேன். மேடம் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் சாரைப் பார்த்துச் சொன்னேன்.

“சார், இந்தப் புட்டியில சின்னமிக் கலந்திருக்கு. மாதிரித் தேர்வு அன்னைக்கு மிச்சத்த நான்தான் தப்பாத் திரும்பப் போட்டேன். பேச்சியம்மாள் எழுதினது சரி.”

அவர் எழுந்து ஆய்வகத்துக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே குழலை அடைத்தார், அவரே பர்னரைப் பற்றவைத்தார். வயசான கை, நூல் கட்டும்போது முடிச்சு நழுவியது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார். மூன்று பேரும் எண்ணெய்க்குள் தொங்கும் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நூத்தி நாலு” என்றார். வெகு நேரம் கழித்து, “நூத்திப் பதினாலு” என்றார்.

பர்னரை அணைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

“அப்ப மத்த ரெண்டு பேருக்கும் 122 எப்படிம்மா வந்துச்சு?”

“நான் சொன்னேன் சார்.”

“அவங்களுக்கு மட்டுமா?”

“கேக்கிற எல்லாருக்கும்.”

“எத்தன வருஷமா?”

“வந்ததுல இருந்து.”

மேடம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேச்சியம்மாளின் விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, தான் போட்ட சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு மார்க்கை மாற்றினார்.

“பன்னிரண்டு பேர்ல இந்த ஒரு பிள்ளதான் பரிசோதனை செஞ்சிருக்கு. மத்ததெல்லாம் டிக்டேஷன். அத நம்பி நான் இந்தப் பிள்ளைய நிக்க வச்சுத் திட்டியிருக்கேன்” என்றார். என்னைச் சொன்ன மாதிரியே தன்னையும் சொல்லிக்கொண்டார்.

மற்ற பதினோரு பேருக்கும் செவ்வாய்க்கிழமை மறுதேர்வு. இரண்டாம் பிரிவை அப்புறம் பார்த்துக்கொள்வார்களாம். நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார் மேடம்.

“ஸ்டோர் சாவிய வச்சிட்டுப் போங்க.” கொஞ்சம் நின்று, “உங்களுக்காகத்தான சொன்னேன்” என்றார்.

“தெரியும் மேடம்.”

இருபத்தோரு வருஷம் இடுப்பில் இருந்த சாவி. கழற்றி வைத்தேன். பயமாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாக எனக்கு எதுவும் இப்படி இருந்ததில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கோமதி மதினி போன் செய்தாள். “அழுதியா?” என்றாள். இல்லை என்றேன். வேலை போனதைச் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சாயங்காலம் பேச்சியம்மாள் வீடு தேடி வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். சீனி போட்டேனா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், அந்தப் பிள்ளை முகத்தில் எதையும் காட்டாமல் குடித்து முடித்தாள்.

மறுதேர்வில் ஒன்பது பேருக்குச் சரியாக வந்துவிட்டதாம். இரண்டு பேருக்கு வரவில்லை. அதில் ஒருத்தி எனக்குப் பிஸ்கட் கொடுத்தவள்.

“அவளுக்கு மூணு வருஷத்துல ஒரு தடவகூடக் குழல் அடைக்க வரலக்கா. எங்கிட்ட யாரும் பேசல. பஸ்ல எடம் போட்டு வைக்கிறவகூட இன்னைக்கு வைக்கல.”

“எம்மேல கோவமாட்டி உனக்கு?”

யோசித்தாள். எதையும் யோசித்துத்தான் சொல்வாள்.

“வியாழக்கெழம புட்டி காலின்னு சொன்னீங்கள்லா. அதுக்குத்தான் கோவம். மத்ததுக்கு இல்ல.”

அந்தக் கோபம் நியாயமானது. மன்னிச்சிரு என்றேன். நான் ஒரு மாணவியிடம் அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

போகும்போது சொன்னாள், தேர்வுக்குக் கிண்ணம் வைக்க ஆள் இல்லாததால் மேடம் அவளைத்தான் வைக்கச் சொன்னாராம். “சீட்டு எழுதி ஒட்டிட்டேன்கா. பெரிசா.”

ஏப்ரல் 2, புதன்

இன்று இண்டர்வியூ. கூப்பிடவில்லை.

ஏப்ரல் 5, சனி

7.10 வண்டி 7.16க்கு வந்தது. ஆறு நிமிஷம் தாமதம். குறித்து வைக்கிறேன்.

சன்னல் சீட்டுக் கிடைத்தது. மதுரையில் கடையை விசாரித்து விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். போன தடவை அவர் பின்னாலேயே போனதால் எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பெயர்ப் பலகைகளை அவர் வாசித்துக்கொண்டே நடப்பார். பழக்கம் என்று நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்ட்காரருக்குப் போர்டு வாசிக்காமல் இருக்க முடியாது என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

கண்ணாடிக் கடையில் இளவயசுக்காரர் ஒருவர். ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். மேல் வரி மட்டும் வந்தது.

“அடுத்த வரிம்மா?”

“தெரியல தம்பி.”

கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தார். பழைய கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“எவ்வளவோ கூடிருச்சேம்மா. இத வச்சுக்கிட்டு எப்படி இத்தன நாள் சமாளிச்சீங்க?”

“வீட்டுல இருக்காங்கள்லா, அவங்க வாசிச்சுச் சொல்லுவாங்க” என்றேன்.

இருக்காங்க என்றுதான் வாயில் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அத்தனை பேர் நடுவில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலையில் மல்லிகை இருந்தது. மணத்தது.

அந்தப் பையன் பயந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

“ஒண்ணும் அவசரமில்லம்மா. கண்ணு ஈரமா இருந்தா நம்பர் சரியா வராது. காயட்டும், பார்த்துக்கலாம்” என்றான்.

முக்கால் மணி நேரம் ஆனது.